ராஜாவுக்குப் பத்தடி தூரத்துல

ஏம்பா பேராண்டி, ரெண்டாவது ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல வந்து எறங்கினா களியைத் தின்னுட்டுப் படுக்கற வழியைப் பாக்காம, கோழி கூவற வரைக்கும் சீனாக்காரன் படம் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கியாமே? உங்க ஆயா எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தறா, பையன் கெட்டுப் போயிட்டான்னு. நான் சொல்லிட்டன்: அடியே, அவன் சரித்திரம் படிக்கறான், பத்தாவதுல முப்பத்தஞ்சு மார்க்குக்கு முட்டி மோதினவன் இப்பவாச்சும் படிக்கட்டும், லைட்டை அணைக்காதன்னு.

நல்லாப் பாரு சாமி, யாரு வேணாங்கறது? ஆனா அந்தப் படங்களைப் பாக்க ஒரு முறை இருக்கு. அது தெரியாம பாத்தா ராஜா போட்டிருக்கற சட்டை மட்டுந்தான் கண்ணுல படும். அந்த முறையைச் சொல்ல இந்தச் சானமாவுல என்னை விட்டா ஆளு கெடையாது. சிரிக்காத. உன் பெரிய டிவியும் சவுண்டுப் பெட்டியும் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தக் காட்டோரத்துக்குச் சீனாவைக் கூட்டியாந்தவன் நானு.

1982ல டெல்லியில ஏசியாட் நடந்துச்சு பாரு, அதையொட்டித்தான் நம்ம நாட்டுல கலர் டிவி வந்தது. பின்னாலேயே வீடியோ டெக்கு வந்திருச்சு. எங்கிட்ட ஒரு டெக்கு, ஒரு டிவி, ஒரு டிவிஎஸ் 50. அந்த வண்டி 1980ல நம்ம ஓசூர்ல பொறந்த வண்டி. ரெண்டு பேரு போறதுக்குன்னு அவங்க பண்ணினாங்க. ரெண்டாவது ஆளா நான் டிவியை மெத்தையில சுத்தி ஒக்கார வெச்சன். உத்தனப்பள்ளி, கெலமங்கலம், ராயக்கோட்டைன்னு காதுகுத்தா இருந்தாலும் மாரியம்மன் பண்டிகையா இருந்தாலும் எனக்குத்தான் ஆளு வரும். விடிய விடிய நாலு படம். மொதல்ல சாமி படம், அடுத்தது எம்ஜிஆர், மூணாவது ராஜ்குமார், ஏன்னா கூட்டத்துல பாதி கன்னடம். கெழவிங்கல்லாம் முந்தானையைப் போத்திக்கிட்டுச் சாஞ்சப்பறம் நாலாவது கேசட்டு. அதுதான் சீனாப் படம். நம்ம பக்கத்துல தொரப்பள்ளி இருக்கே, ராஜாஜி 1878ல பொறந்த ஊரு. அவருக்கு சினிமான்னாலே ஆவாது. அந்த ஊர்லயே நாலாவது கேசட்டு வரைக்கும் ஓட்டினவன் நானு. பெரியவரு மன்னிக்கட்டும்.

1978ல ஹாங்காங்குல எடுத்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்', 1982ல ஜெட் லீ சின்னப் பையனா நடிச்ச 'ஷாவோலின் டெம்பிள்', இந்த மாதிரிப் படங்க. பேசறது சீனம், இல்லாட்டி இங்கிலீசு. கூட்டத்துல தெலுங்கு ஒரு பக்கம், கன்னடம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம். அப்ப யாரு கதை சொல்றது? நாந்தான். டிவி பக்கத்துல முக்காலி போட்டு ஒக்காந்துக்கிட்டு மூணு பாஷையிலயும் ஓட ஓடச் சொல்லுவன். எனக்கும் சீனம் தெரியாது, ஆனா அது ஒரு கொறையா எனக்குத் தோணினதே இல்ல. மஞ்சு ராஜாங்கத்து அதிகாரி திரையில வந்தா நம்ம ஊரு வட்டிக்காரன் பேரைச் சொல்லுவன். கூட்டம் பல்லைக் கடிக்கும். மொட்டைத் தலை சாமியாரு கையெடுத்துக் கும்பிட்டா, அவரு அந்தப் பையனோட தொலஞ்சு போன சித்தப்பான்னு சொல்லுவன். பொம்பளைங்க கண்ணைத் தொடைப்பாங்க. பின்னாடி ஒருத்தன் அதே படத்தை எங்கயோ தியேட்டர்ல தமிழ்ல பாத்துட்டு வந்து எங்கிட்டச் சண்டைக்கு நின்னான். எதுக்குத் தெரியுமா? டப்பிங் பண்ணவனுங்க கதையைக் கெடுத்துட்டானுங்களாம், சித்தப்பனையே காணோமாம்.

அந்த முப்பத்தாறு அறை படத்துல ஒரு எடம் வரும். மடத்துல சேந்த பையன் ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி, ஒவ்வொரு கையிலயும் ஒரு வாளித் தண்ணியோட மேல ஏறணும். கையைத் தாழ்த்தினா வெலாவுல குத்தற மாதிரி மேல்கையில கத்தி கட்டியிருக்கும். நம்ம பசங்கல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தானுங்க. பின்னாலிருந்து ஒரு பொம்பளை கேட்டா: "ஏங்கண்ணா, தண்ணி சொமக்கறதுக்கு இந்தக் கத்தி கட்டற வித்தையை எங்கூட்டு ஆம்பளைக்கு யாராச்சும் கத்துக் குடுப்பாங்களா?" அன்னிக்கு ராத்திரி அந்தப் படத்தைச் சரியாப் பாத்தது அவ ஒருத்திதான்.

அப்பறம் தட்டு வந்துச்சு. விசிடி. அந்த விசிடி ஓட்டற பெட்டியையே மொத மொதல்ல பண்ணி வித்தவன் சீனாக்காரன்தான். 1993ல ஹெஃபேய்னு ஒரு ஊர்ல, வான்யான்னு ஒரு கம்பெனி. ஒரு தட்டுல எழுவத்தி நாலு நிமிசந்தான் அடங்கும். அதனால படத்தை ரெண்டு தட்டா வெட்டுவானுங்க. மொதத் தட்டு நல்லா ஓடும். ரெண்டாவது தட்டு கைமாறிக் கைமாறிக் கீறல் விழுந்து கட்டம் கட்டமா ஒடஞ்சு நின்னுடும். உங்கப்பன் வயசுக்காரங்களைக் கேட்டுப் பாரு; எந்தெந்த சீன ராஜா எந்தெந்தச் சண்டைக்குப் பொறப்பட்டுப் போனான்னு வரிசையாச் சொல்லுவாங்க. எவன் திரும்பி வந்தான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. 2006க்கு அப்பறம் கவுருமெண்டே ஊட்டுக்கு ஊடு கலர் டிவி குடுத்திருச்சு. அடுத்த வருசமே மோசர் பேயர்க்காரன் விசிடி இருவத்தெட்டு ரூபா, டிவிடி முப்பத்தி நாலு ரூபான்னு கடையில தொங்க விட்டான். என் டெக்கைத் தார்ப்பாய் போத்தி அட்டாலியில ஏத்திட்டன். நாங் கதை சொல்லாத சீனப் படங்களை ஊரு பாக்க ஆரம்பிச்சது அப்பறந்தான். அதுலேர்ந்துதான் உங்க தலைமொறை கெட்டுது.

சரி, முறைக்கு வர்றன்.

'ஹீரோ' பாத்திருப்ப. ஜாங் யிமோ எடுத்து 2002ல வந்தது. ஜெட் லீதான் பேரில்லாத வீரன். ஒரே சங்கதியை ஒருக்கா சிவப்புல, ஒருக்கா நீலத்துல, ஒருக்கா வெள்ளையில திருப்பித் திருப்பிச் சொல்லுவாங்க. ஆகா என்னா மூளைன்னு நீ சொல்லுவ. பஞ்சாயத்துல ஒக்காந்து பழகினவனுக்கு இதுல அதிசயம் ஒண்ணுமில்ல; கலரு மட்டுந்தான் புதுசு. நீ பாக்க வேண்டியது வேற. சின் தேசத்து ராஜா எவனையும் நூறு அடிக்குள்ள விடமாட்டான், கொன்னுருவானுங்கன்னு பயம். இவன் ராஜாவோட எதிராளி ஒருத்தனைக் கொன்னேன்னு வேலைக் கொண்டாந்து காட்டறான். இருவது அடி வரைக்கும் வான்றாங்க. இன்னும் ரெண்டு பேரைக் கொன்னேன்னு வாளைக் காட்டறான்; பத்தடிக்கு வான்றாங்க.

இதைப் பாத்ததும் எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. நானும் அப்படிப் போனவன்தானே. நம்ம பக்கத்துல ஒரு ஆபீசுக்கு நெல விசயமா ஒரு மனுவோட போனன். மொதல்ல கேட்டுக்கு வெளிய புளியமரத்தடி. ஜெராக்ஸ் எடுத்துக் காட்டினப்பறம் உள்ளார பெஞ்சு. வில்லங்கம் போட்டுக் காட்டினப்பறம் கதவோரம். ஒரு வழியா மேசைக்குப் பத்தடியில போய் நின்னன். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரு பேச ஆரம்பிச்சாரு: நாடு முன்னேறணும், நாலு பேருக்கு வேலை கெடைக்கணும், நாம கொஞ்சம் பொறுத்துக்கணும்னு. கேக்கக் கேக்க எனக்கே ஞாயமாத் தோணுச்சு. மனுவை மடிச்சு ஜோப்புல வெச்சுக்கிட்டுத் திரும்பிட்டன். ஜெட் லீயும் அதேதான் பண்றான். ராஜா பேசற பேச்சைக் கேட்டு, இவன் ஒருத்தன் இருந்தாத்தான் எல்லாச் சண்டையும் ஓயும்னு நெனச்சுக் கத்தியைத் திருப்பிக்கிட்டு வெளிய நடக்கறான். அப்பறம் வானத்தை மறைக்கற மாதிரி அம்பு. சாகடிச்சுட்டு, பெரிய வீரன்னு சொல்லி மரியாதையோட அடக்கம் பண்றாங்க. எனக்கு அம்பும் வரல, மரியாதையும் வரல.

நெசமாவே அந்த ராஜாவைக் கொல்லப் போனவன் ஒருத்தன் உண்டு. ஜிங் கேன்னு பேரு, கி.மு. 227ல. சென் கைகே 1998ல அதையே தனிப் படமா எடுத்திருக்காரு. அவன் எப்படிப் போனான் தெரியுமா? ஒரு தேசத்து நெல வரைபடத்தை ராஜாவுக்குக் காணிக்கையா கொண்டு போறான். சுருட்டின படத்தை ராஜா முன்னால விரிச்சுக்கிட்டே வர்றான்; கடைசிச் சுத்துல கத்தி இருக்கு. நம்மாளுங்களும் அளவை வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் போறாங்க. கடைசிச் சுத்துல இருக்கறது கவரு. ஜிங் கே குத்தினது தவறிப் போச்சு. இது தவறாது.

இன்னொண்ணு, படத்துல சொல்லாதது. எல்லாத் தேசத்தையும் ஒண்ணாக்கினான்னு அந்தச் சின் ராஜாவைத் தூக்கி வெச்சு ஆடறாங்களே, அவன் ஒண்ணாக்கினது கி.மு. 221ல. 210ல செத்தான். 206 வரும்போது அவன் வம்சமே இல்ல. பதினஞ்சு வருசந்தான். எப்படி விழுந்துச்சுன்னு கேளு. காவலுக்குக் கட்டாயமா ஆளு புடிச்சு அனுப்பறாங்க. போற வழியில மழை, ரோடெல்லாம் வெள்ளம். சொன்ன தேதிக்குப் போய்ச் சேர முடியாது. லேட்டாப் போனா தலை போகும்னு சட்டம். அந்தக் கூட்டத்துல சென் ஷெங்குன்னு ஒரு குடியானவன், போனாலும் சாவு, போகலன்னாலும் சாவு, அப்ப எதுத்துத்தான் பாப்பமேன்னு 209ல கெளப்பி விட்டான். அதுலதான் ராஜாங்கமே ஆட்டம் கண்டுச்சு. உங்க கம்பெனியில லேட்டுன்னா அரை நாளு சம்பளம் புடிக்கறானாமே? நல்லவனுங்கப்பா, வெவரமானவனுங்க. தலையைப் புடிச்சா என்னாவும்னு சரித்திரம் படிச்சிருக்கானுங்க.

அந்த ராஜா தன் சமாதிக்குக் காவலா மண்ணுல ஆயிரக்கணக்கான சிப்பாயிங்களைப் பண்ணிப் பொதச்சு வெச்சானே, அதைக் கண்டுபுடிச்சது யாருன்னு நெனக்கற? 1974ல ஷியான் பக்கத்துல கெணறு வெட்டின குடியானவங்க. அவங்களுக்குக் கெணத்துல பட்டாளம் கெடச்சுது. நாம ஆயிரம் அடி போரு போட்டா பொகைதான் வருது. மண்ணு சிப்பாயி ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு மூஞ்சி, அவ்வளவு வேலைப்பாடு. ஆனா எவன் எந்த ஊருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நம்ம பக்கம் ஓட்டிக்கிட்டுப் போன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல்லு நட்டு, பேரென்ன, எந்தச் சண்டைன்னு வெட்டி வெச்சிருக்கான். கிருஷ்ணகிரி மியூசியத்துல அந்த மாதிரிக் கல்லு வரிசையா நிக்குது, போய்ப் பாரு. டிக்கெட்டு உன் டிவி ரீசார்ஜை விட கம்மி.

அதே ஜாங் யிமோ 2006ல இன்னொண்ணு எடுத்தாரு: 'கர்ஸ் ஆஃப் த கோல்டன் ஃப்ளவர்'. சோ யுன் ஃபாட் ராஜா, கோங் லீ ராணி. அரமனை முச்சூடும் தங்கம். உன் கூட்டாளிங்க ராணியைப் பாப்பீங்க. நான் தரையைப் பாத்தன். தரை பூராவும் சாமந்தி! கண்ணுக்கு எட்டின தூரம் மஞ்சச் சாமந்தித் தொட்டி. அவங்க ஊர்ல ஒம்பதாவது மாசம் ஒம்பதாம் நாளு சாமந்திப் பண்டிகையாம். பொதுவா நம்ம ஆயுத பூசை வர்ற சமயத்துலதான் அதுவும் வரும். நமக்கும் அன்னிக்கு நவமிதானே. அந்தச் சமயத்துல ஓசூரு பூ மார்க்கெட்டுல சாமந்தி என்ன வெலை போகும்னு எனக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட நாள்ல பத்தாயிரம் சிப்பாயிங்க எறங்கி அத்தனையும் மிதிச்சுத் தொவச்சு அதும் மேலயே செத்து விழறானுங்க. நான் பொணத்தை எண்ணல பேராண்டி, தொட்டியை எண்ணினன். அதுக்கு மேல ஒரு கூத்து: சண்டை முடிஞ்சதும் ரத்தத்தைக் கழுவி விட்டு, பொணத்தை அள்ளி, விரிப்பு விரிச்சு, அதே எடத்துல புதுத் தொட்டிங்களை வரிசையா கொண்டாந்து வெச்சுடறாங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி. அப்ப எங்கயோ ஒரு குடியானவன் எச்சா வெள்ளாமை போட்டு வெச்சிருந்திருக்கான். அவனுக்குக் காசு குடுத்தாங்களா இல்லையா? ரெண்டு மணி நேரப் படத்துல அதுக்கு ஒரு சீன் இல்ல.

அந்தப் படத்துல ராஜா ராணிக்கு நேரம் தவறாம மருந்துன்னு சொல்லி வெஷம் குடுப்பான். உங்க ஆயா அதை ஒக்காந்து முழுசாப் பாத்தா. போதாக்கொறைக்கு 2018ல வந்த 'யான்ஷி பேலஸ்' கதை எழுவது எபிசோடையும் உங்கம்மா போன்ல போட்டுக் காட்டியிருக்கா. அந்தப்புரத்துல ஒருத்திக்கு ஒருத்தி குழி பறிக்கறதுதான் எழுவதும். நாலு நாளா உங்க ஆயா காப்பியைக் குடுத்துட்டு, நான் குடிக்கற வரைக்கும் எதிர்லயே நின்னு பாத்துக்கிட்டிருக்கா. மரியாதையாத்தான் இருக்கு.

'ரெட் கிளிஃப்' பத்திச் சொல்லணும். ஜான் வூ எடுத்தது, 2008லயும் 2009லயும் ரெண்டு பாகமா வந்துச்சு. எனக்கு எல்லாத்துலயும் புடிச்சது அதுதான், ஏன்னா அதுல புத்திசாலி ஒருத்தன் இருக்கான்: ஜூகே லியாங்கு. கையில எப்பவும் ஒரு எறகு விசிறி. சண்டைக்கு அம்பு பத்தல. மூணு நாள்ல ஒரு லட்சம் அம்பு கொண்டாறன்னு சொல்றான். என்னடா பண்ணப் போறான்னு பாத்தா, படகுங்களைச் சுத்தி வைக்கோலைக் கட்டி, மூடுபனியில எதிரி சாவ் சாவோட பாளையத்துக்கு எதிர்ல கொண்டு போய் நிறுத்தித் தமுக்கடிக்கறான். அந்தப் பக்கம் பயந்து போய் அம்பு மேல அம்பா விடறாங்க. அத்தனையும் வைக்கோல்ல குத்தி நிக்குது. நன்றி சொல்லிட்டு வீட்டுக்குத் திரும்பிடறான். காசு செலவில்ல, கடனில்ல, மானியத்துக்கு மனுவில்ல. இப்படி ஒரு ஆளு நம்ம விவசாயச் சங்கத்துல இருந்திருந்தா நான் எதுக்கு டெக்கு தூக்கப் போறன்?

நெசமா நடந்துச்சான்னு கேக்காத. சண்டை நெசம், கி.பி. 208 குளிர்காலத்துல நடந்தது. வைக்கோல் கதையை இவன் தலையில ஏத்தினது 'மூன்று ராஜ்ஜியங்கள்'னு பின்னால வந்த நாவலு. அதை எழுதினதாச் சொல்ற லுவோ குவான்சோங்கு ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேல தள்ளி இருந்தவரு. பாரு, நான் சித்தப்பனைச் சேத்ததுக்கு ஒருத்தன் சண்டைக்கு வந்தான். அவரு சேத்ததை ஒலகமே பாத்துக்கிட்டிருக்கு.

அந்த ஜூகே லியாங்கு பண்ண இன்னொரு வேலை, 1994ல எம்பத்தி நாலு எபிசோடா டிவியில வந்த கதையில வரும். எதிரி சிமா யீ பெரும்படையோட வர்றான். இவங்கிட்ட ஆளே இல்ல. கோட்டைக் கதவை அகலமாத் தொறந்து வெச்சு, மேல ஒக்காந்து வீணை மாதிரி ஒண்ணை வாசிக்கறான். சிமா யீ பாத்தான். இவன் இவ்வளவு தைரியமா ஒக்காந்திருக்கான்னா உள்ளார ஏதோ இருக்குன்னு படையைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.

இதைப் பாத்துட்டு நம்ம ஊர்ல ஒருத்தன், பேரு வேணாம், உனக்குப் பங்காளி முறை, போன கார்த்திகையில என்னா பண்ணான்? உனக்கே தெரியும், ராகி பால் புடிக்கற சமயம் பன்னேர்கட்டாவுல இருந்து ஆனைக் கூட்டம் தளி, ஜவளகிரி தாண்டி நம்ம சானமாவு காட்டுக்கு வந்து டேரா போட்டுடும். பகல்ல காடு, ராத்திரியில நம்ம கொல்லை. போடூர்பள்ளம் பக்கம் கூட்டம் வந்திருக்குன்னு வாச்சருங்க சொல்லிட்டுப் போனாங்க. இவன் பட்டாசும் எடுக்கல, டார்ச்சும் எடுக்கல. கொல்லைப் படலைத் தொறந்து விட்டுட்டு, பரண் மேல ஏறி ஒக்காந்து போன்ல புல்லாங்குழல் பாட்டு போட்டிருக்கான். ஆனை வந்து நின்னுச்சு. காதை ஆட்டிச்சு. யோசிச்சுதோ என்னமோ. உள்ள வந்து காலையில நாலு மணி வரைக்கும் பாட்டுக் கேட்டுக்கிட்டே ராகியை முடிச்சிட்டுப் போச்சு. நான் போய்ப் பாத்துட்டு ஆறுதல் சொன்னன்: "தப்பு உம்மேல இல்லப்பா. சிமா யீ படிச்சவன், அதனால சந்தேகப்பட்டான்."

ஆனைன்னதும் சொல்றன். சீனாவுலயும் ஒரு காலத்துல வடக்க மஞ்சளாறு வரைக்கும் ஆனை இருந்திருக்கு. ஆன்யாங்குல தோண்டினப்ப ஆனை எலும்பு கெடச்சிருக்கு. காட்டை வெட்டி வெட்டிக் கொல்லையாக்கினாங்க, ஆனை தெக்க தெக்கப் போயி, இப்ப யுன்னான் மூலையில சில நூறுதான் மிச்சம். அதுலயும் ஒரு கூட்டம் 2021ல ஐநூறு கிலோமீட்டர் வடக்கால நடந்து குன்மிங்கு ஊரு வரைக்கும் போய் எட்டிப் பாத்துட்டு வந்துச்சு. பழைய பட்டா இருந்திருக்கும். இத்தனை ராஜா படம் எடுக்கறானே, மஞ்சளாத்தங்கரையில கடைசி ஆனையை வெரட்டினவன் கதையை எவனாச்சும் எடுத்தானா? எடுத்தா நம்ம பேரண்டப்பள்ளி ரோட்டுல கட்டணமில்லாம நடிக்க ஆளு தயாரா நிக்குது. ராத்திரி லாரியெல்லாம் நிப்பாட்டிட்டுத்தான் ரோட்டைத் தாண்டும், அவ்வளவு பெரிய ஸ்டாரு.

பறக்கற படங்களைப் பத்தி ரொம்பச் சொல்ல வேண்டியதில்ல. ஆங் லீயோட 'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்', 2000ல வந்தது, நாலு ஆஸ்கர் வாங்குச்சு. மூங்கில் நுனியில நின்னு ரெண்டு பேரு வாள்சண்டை போடுவாங்க. எல்லாம் கம்பி கட்டித் தூக்கறது. நம்ம பாரதக் கூத்துல அர்ச்சுனன் தபசு மரம் ஏறறானே, அவனுக்குக் கம்பியும் கெடையாது, கீழ மெத்தையும் கெடையாது, ஆஸ்கரும் கெடையாது. மேல ஏறி நின்னு பாட்டு முழுசும் பாடி, எலுமிச்சம்பழம் வீசிட்டு எறங்கறான். அடுத்த நாளு காலையில அவனே தக்காளிக் கூடை தூக்க ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போவான்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லிடறன். படம் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும், "இதெல்லாம் நாம கத்துக் குடுத்தது"ன்னு சவுண்டு விடாத. 2011ல 'ஏழாம் அறிவு' வந்ததுல இருந்து உங்க செட்டுக்கு இந்த வியாதி இருக்கு. காஞ்சிபுரத்துல இருந்து போதிதர்மர் போனாருன்னு ஒரு வழக்கு இருக்கு, போயிருக்கலாம், சந்தோசம். ஷாவோலின் மடத்துக்கு அடிதடியும் அவருதான் கத்துக் குடுத்தாருங்கறது அவரு போய்ப் பல நூறு வருசம் கழிச்சு ஒட்டிக்கிட்ட கதை. அப்படியே கத்துக் குடுத்திருந்தாலும், நமக்குன்னு ரெண்டு அடியாச்சும் மிச்சம் வெச்சுட்டுப் போயிருக்க மாட்டாரா? பஸ்ல சீட்டு புடிக்கவே தெரியலையே உனக்கு.

பெருமை பேசணும்னா கணக்கு இருக்கறதைப் பேசு. குலோத்துங்கன் காலத்துல, 1077ல, சோழ தேசத்துல இருந்து எழுவத்திரெண்டு பேரு சீன ராஜாவைப் பாக்கப் போனாங்க. இங்கருந்து காணிக்கை கொண்டு போனாங்க. அங்கருந்து எம்பத்தோராயிரத்து எண்ணூறு சரம் செப்புக்காசு வாங்கிக்கிட்டு வந்தாங்க. சீனாக்காரனே எழுதி வெச்ச கணக்கு. காணிக்கைன்னு சொல்லிப் போய் வியாபாரத்தை முடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க பாரு, அது வித்தை! சுவான்ஜோ தொறைமுகத்துல 1281ல வெட்டின தமிழ்க் கல்வெட்டும் இருக்கு. இதை எவனும் படமா எடுக்கல. ஜாக்கி சான் என்னடான்னா 2005ல 'தி மித்'னு ஒரு படத்துக்கு நம்ம பக்கத்து ஹம்பிக்கே வந்து எடுத்துட்டுப் போனாரு. சின் ராஜாவோட சேனாபதி மறுபொறப்பு எடுத்த கதை. ஓசூர்ல ராத்திரி பஸ் ஏறினா காலையில பாக்கற தூரத்துல இருக்கற ஊரை, நீ சீனாக்காரன் படத்துல பாத்துட்டு, "தாத்தா, சீனாவுல கோயில் நம்ம கோயில் மாதிரியே இருக்கு"ன்னு எங்கிட்ட வந்து சொன்ன பாரு, அன்னிக்கே உங்கப்பங்கிட்டச் சொன்னன், இவனை டிப்ளமோவுல சேத்துடு, அதுக்கு மேல தாங்காதுன்னு.

ஆகக்கூடி இதான் சங்கதி. ராஜா பேசும்போது பின்னால நிக்கறவன் மூஞ்சியைப் பாரு. பத்தாயிரம் பேரு படையெடுத்து வந்தா அவனுங்களுக்கு ராத்திரி என்ன சோறு, எவன் கொல்லையில அறுத்ததுன்னு கேளு. ராணி அழுதா அழட்டும், அவளுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. 'ரெட் கிளிஃப்' வாங்கறதா இருந்தா ரெண்டு பாகமா இருக்கறதைப் பாத்து வாங்கு. வெள்ளைக்காரனுக்காக ரெண்டரை மணிக்குச் சுருக்கினது ஒண்ணு சுத்துது, அதுல பாதி புத்திசாலித்தனம் போயிருக்கும். தமிழ் டப்பிங்கு கெடச்சாலும் வேணாம், சீனத்துலயே போடு. புரியாத எடத்துக்கு என்னைக் கூப்புடு. முக்காலி இன்னும் இருக்கு.

ஐப்பசியில இருந்து தை வரைக்கும் மட்டும் அந்தச் சவுண்டுப் பெட்டியை நிறுத்திட்டுப் பாருப்பா. தமுக்கும் பீரங்கியும் உன் டிவியில வெடிக்குதா, நம்ம கொல்லையில ஆனைக்கு வெடி போடறாங்களான்னு தெரியாம, போன வாரம் ரெண்டு ராத்திரி நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சாவ் சாவுக்காக வெளிய ஓடினன்.